பிரியாதிருந்தால்? மெல்லிசை மன்னர் இருவர் குறித்த ஒரு திறனாய்வு வினா

முன்னுரை

நடந்ததைக் கூறுவது வரலாறு. நடவாததைக் கூறுவது புனைவு. இவ்விரண்டிற்கும் நடுவே, ‘இது நடவாதிருந்தால் யாதாகியிருக்கும்?’ என்னும் வினா நிற்கின்றது. இவ்வினாவை ஆராய்ச்சியாளர் பெரும்பாலும் விளையாட்டு வினாவாகவே கருதி ஒதுக்குவர். மேனாட்டார் இதனையே அடிப்படையாகக் கொண்டு ஒரு கதைவகையை வளர்த்துள்ளனர். இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரிற் தோன்றி 1970ஆம் ஆண்டிற் பிரிந்த பீட்டில்சு என்னும் நால்வர் இசைக்குழு இவ்வகைக் கதைகளுக்கு விருப்பமான பொருளாயிற்று. அக்குழு பிரியாத உலகிலிருந்து வந்த இசைத்தட்டு ஒன்று கிடைப்பதாக இசுடீபன் பாக்சுட்டர் ‘பன்னிரண்டாம் இசைத்தட்டு’ என்னும் பொருள்படும் தலைப்பில் 1998இல் ஒரு சிறுகதை எழுதினார். அக்குழுவினின்று சான் லெனன் 1962ஆம் ஆண்டிலேயே விலகிவிட, ஏனையோர் தொடர்ந்து புகழ்பெற்றதாக இயன் மக்லியாடு 1992இல் வேறொரு கதை எழுதினார்.

தமிழிசை வரலாற்றில் இதற்கு மிக அணித்தான நிகழ்ச்சி, விசுவநாதன், இராமமூர்த்தி என்னும் இசையமைப்பாளர் இருவரும் 1965ஆம் ஆண்டிற் பிரிந்ததாகும். ‘அவர்கள் பிரியாதிருந்தால்?’ என்று வினவாத திரையிசை விரும்பிகள் அரியர். இவ்வினாவிற்குப் புனைவாக விடை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. இவ்வினா ஆராய்ச்சிக்கு உரியதாகுமா, ஆகுமெனின் அதற்கு எவ்வளவு விடை கூறலாம், அவ்விடையால் நம் மதிப்பீடுகளில் எவை மாறும் என்பனவே ஈண்டு ஆராயப்படுகின்றன.

இருவர் வரலாறு

திருச்சிராப்பள்ளி கி. இராமமூர்த்தி 1922ஆம் ஆண்டிற் பிறந்தவர், வயலின் கலைஞர். மனயங்கத்துச் சுப்பிரமணியன் விசுவநாதன் 1928ஆம் ஆண்டிற் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியிற் பிறந்தவர், ஆர்மோனியத்தில் வல்லவர். இருவரும் சி.ஆர். சுப்பராமனின் இசைக்குழுவிற் பணியாற்றினர். சுப்பராமன் 1952ஆம் ஆண்டில் இளமையிலேயே மறைந்தார். அவர் தொடங்கி முற்றுப்பெறாதிருந்த தேவதாசு (1953) படத்தின் இசையை இவ்விருவரும் நிறைவுசெய்தனர். கலைவாணர் என்.எசு. கிருட்டிணன் இயக்கிய பணம் (1952) என்னும் படமே இருவர் பெயரும் இணைந்து வந்த முதற்படமாகும். இந்தித் திரையுலகில் சங்கர், செய்கிசன் என்னும் இணை பர்சாத் (1949) படத்தின் வழியே அப்பொழுது பெரும்புகழ் எய்தியிருந்தது. அதனை நோக்கியே கலைவாணர் இவ்விணையை அமைத்தார் என்பர்.

பாகப்பிரிவினை (1959), பாவமன்னிப்பு, பாசமலர், பாலும் பழமும் (மூன்றும் 1961), நெஞ்சில் ஓர் ஆலயம் (1962), கர்ணன், காதலிக்க நேரமில்லை, புதிய பறவை, படகோட்டி (நான்கும் 1964), எங்க வீட்டுப் பிள்ளை, வெண்ணிற ஆடை, ஆயிரத்தில் ஒருவன் (மூன்றும் 1965) என்பன இவ்விணையின் படங்களுட் சில. மெல்லிசை மன்னர்கள் என்னும் பட்டம் 1963ஆம் ஆண்டில் வழங்கப்பெற்றது. ஆயிரத்தில் ஒருவனை ஒட்டி இருவரும் பிரிந்தனர். அதன் பின்னர்ப் படத்திற்கு ஒருவராக இசையமைத்தனர். முப்பதாண்டு கழித்து எங்கிருந்தோ வந்தான் (1995) என்னும் படத்தில் மீண்டும் இணைந்தனர். 2012ஆம் ஆண்டில் தமிழக அரசு இருவரையும் ஒரே மேடையிற் பட்டம் வழங்கிச் சிறப்பித்தது. இராமமூர்த்தி 2013ஆம் ஆண்டிலும், விசுவநாதன் 2015ஆம் ஆண்டிலும் இயற்கை எய்தினர்.

பிரிவிற்குரிய காரணங்களைப் பலர் பலவாறு கூறுவர். அவை தனிவாழ்வு பற்றியன. படைப்பை மதிப்பிடுவதற்கு வேண்டாதன. ஆதலின் அவற்றை விடுத்து மேற்செல்வோம்.

மறைந்து நிற்கும் வினா

‘நடவாததை ஆராய்வது எங்ஙனம்?’ என்னும் தடை இங்கு எழும். அத்தடையை எழுப்புவோரே தம்மை அறியாது நடவாததைப் பற்றி முடிவு கூறிவிடுகின்றனர் என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும். இவ்விருவரைப் பற்றி வழங்கும் பொதுவான மதிப்பீட்டை நோக்குக. பிரிவுக்குப் பின்னர் விசுவநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்தார். இராமமூர்த்தி இசையமைத்தவை இருபதினை எட்டாதன. ஆகவே இணையாக இருந்த காலத்தும் இசைக்கு உயிராக விளங்கியவர் விசுவநாதனே; இராமமூர்த்தி துணைநின்றவர். இம்மதிப்பீடு நூல்களிலும் மேடைகளிலும் காணப்படுகின்றது. வானொலியில் 1961ஆம் ஆண்டுப் பாடல் ஒலித்தாலும் கேட்போர் ‘எம்.எசு.வி. பாட்டு’ என்றே கூறுவர். புதுச்சேரியிலிருந்து கடலூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள கிருமாம்பாக்கத்திலும், அதனைச் சூழ்ந்த பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களிலும் கோயில் விழாக்களில் ஒலிபெருக்கி வழியே இப்பாடல்களைக் கேட்டு வளர்ந்த மாணவர்களை வினவினால், பாசமலரின் இசையமைப்பாளராக ஒருவர் பெயரையே கூறுகின்றனர். இரண்டாம் பெயரை நினைவூட்டிய பின்னரே ‘ஆம்’ என்கின்றனர்.

இம்மதிப்பீட்டின் உள்ளே இருப்பது யாது? ‘விசுவநாதன் தொடக்கத்திலிருந்தே தனித்து இசையமைத்திருப்பினும் பாசமலரின் இசை இவ்வாறே அமைந்திருக்கும்’ என்பதே. இது நடந்த நிகழ்ச்சி பற்றிய கூற்றன்று; நடவாத ஒன்றைப் பற்றிய கூற்று. ‘பிரியாதிருந்தால்?’ என்பது எத்துணைக் கற்பனையோ, ‘இணையாதிருந்தாலும்’ என்பதும் அத்துணைக் கற்பனையே. முன்னதை வெளிப்பட வினவுகின்றோம். பின்னதை மறைவாக வைத்து முடிவும் கட்டிவிடுகின்றோம். ஆதலின் இவ்வினாவை ஒதுக்குதல் இயலாது. வெளியே கொணர்ந்து ஆராய்தலே நெறியாம்.

படங்களின் எண்ணிக்கையைக் கொண்டு பிந்திய நிலையை அறியலாமேயன்றி முந்திய பங்களிப்பை அளத்தல் இயலாது. படம் கிடைத்தல் இசைத்திறத்தால் மட்டும் நிகழ்வதன்று. தயாரிப்பாளர், இயக்குநர், நடிகர் ஆகியோரின் பழக்கமும் நம்பிக்கையும், பாடலாசிரியருடன் அமைந்த உறவும், விரைந்து பணிமுடிக்கும் இயல்பும் அதற்கு வேண்டும். பெயர் நிற்கும் வரிசையும் ஓரளவு பங்கு கொண்டிருக்கலாம். அகவையில் மூத்தவர் இராமமூர்த்தி. எனினும் இணைப்பெயரில் முன் நின்றது இளையவர் பெயரே. பதின்மூன்று ஆண்டுகள் முன்னே ஒலித்த பெயர், இணை பிரிந்தபொழுது புகழையும் தன்னோடு கொண்டுசென்றது எனக் கருத இடமுண்டு.

கூட்டுப் படைப்பும் தமிழ் மரபும்

ஒரு படைப்புக்கு ஒரே ஆசிரியர் இருத்தல் வேண்டும் என்னும் எண்ணம் தமிழ் மரபிற்கு முழுவதும் பொருந்துவதன்று. சிலப்பதிகார அரங்கேற்று காதையை நோக்குக. மாதவியின் ஆடலைக் கூறப்புகுந்த இளங்கோவடிகள், ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடலியற்றும் புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவர் இலக்கணத்தையும் தனித்தனியே கூறுகின்றார். ஆடலின் சிறப்பு இவர்களுள் எவருக்கும் தனியே உரியதாகக் கூறப்படவில்லை. ஒருவர்க்கொருவர் இயைந்து நிற்கும் நிலையே ஆண்டுச் சிறப்பிக்கப்படுகின்றது.

நம் பொருளுக்கு இன்னும் அணித்தாக நிற்பவர் இரட்டையர் எனப் போற்றப்படும் புலவர் இருவர். ஒருவர் கண்ணிழந்தவர், மற்றவர் கால் முடங்கியவர். கண்ணிழந்தவர் தோளில் முடவர் அமர்ந்து வழிகாட்ட இருவரும் ஊர்தோறும் சென்றனர் என்பது வழக்கு. அவர்தம் தனிப்பாடல்களில் முற்பகுதியை ஒருவர் பாடப் பிற்பகுதியை மற்றவர் முடித்தார் என்பர். ஆனால் தில்லைக் கலம்பகம், திருவாமாத்தூர்க் கலம்பகம், ஏகாம்பரநாதர் உலா ஆகிய நூல்களில் எவ்வடி எவருடையது என்னும் குறிப்பே இல்லை. அதனைத் தேடிப் பிரித்துத்தான் அந்நூல்களைச் சுவைத்தல் வேண்டும் எனப் புலவர் உலகம் கருதவில்லை. ‘இரட்டையர்’ என்பதையே ஆசிரியர் பெயராக ஏற்றுக்கொண்டது. ஒன்றன் குறையை மற்றது நிரப்பும் படைப்பில் பங்குபிரித்தல் பயனற்றது என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர் என்க. அவ்வுணர்வு திரையிசையை மதிப்பிடும்பொழுது நம்மிடம் இல்லாமற்போனது ஏன் என்பது சிந்திக்கற்பாலது.

பங்குபிரிக்கும் கொள்கை

இணைக்காலப் படைப்பைப் பங்குபிரிப்போர் கூறும் கொள்கை இது: மெட்டமைத்தவர் விசுவநாதன், கருவியிசையை ஒழுங்குசெய்தவர் இராமமூர்த்தி. சிலர் இதனையே விரித்து, மேனாட்டுச் சாயலும் துள்ளலும் முன்னவருடையன, மரபிசையின் ஆழம் பின்னவருடையது என்பர். கேட்பதற்கு எளிய கொள்கை இது. பிரிவுக்குப் பின்னர் இருவரும் தனித்தனியே படைத்தவை இதற்குச் சான்றாதல் வேண்டும். அவற்றை நோக்குவோம்.

இராமமூர்த்தி மெட்டமைக்கும் திறனில் துணையாளர் மட்டுமே எனின், மறக்க முடியுமா (1966) படத்தில் மு. கருணாநிதி எழுதிப் பி. சுசீலா பாடிய துயரப்பாடல் அமைந்திருத்தல் இயலாது. அதன் ஆற்றல் கருவிகளின் தொகுதியில் இல்லை. சொல்லின் தளர்ச்சியைத் தொடர்ந்து செல்லும் மெட்டிலேயே உள்ளது. இன்றும் நினைவில் நிற்கும் அம்மெட்டு இராமமூர்த்தி தனித்து அமைத்தது. இனி, அவர் மரபிசைக்கே உரியவர் எனின், சாது மிரண்டால் (1966), மெட்ராசு டு பாண்டிச்சேரி (1966), நான் (1967) ஆகிய படங்கள் அதனை மறுக்கின்றன. இவை நகைச்சுவையும் விரைவும் மிக்க பொழுதுபோக்குப் படங்கள். இவற்றுள் மெட்ராசு டு பாண்டிச்சேரி சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரும் பேருந்துப் பயணத்தையே கதைக்களமாகக் கொண்டது. பின்னர் பம்பாய் டு கோவா (1972) என இந்தியில் எடுக்கப்பெற்றது. ஓடும் ஊர்தியின் கதைக்கு ஏற்ற விரைவான தாளமும் இளமைச் சாயலும் இராமமூர்த்திக்கு அயலானவை அல்ல என்பதற்கு அப்படம் சான்று. நம் புதுச்சேரியின் பெயரைத் தாங்கிய அப்படத்தின் இசையமைப்பாளர் எவர் என்பதை இப்பகுதியினரே மறந்திருத்தல் வருந்தத்தக்கது.

மறுபுறம், கருவியிசை ஒழுங்கு இராமமூர்த்தியின் தனிச்சொத்து எனின், அவர் விலகிய பின்னர் விசுவநாதனின் இசையில் அது குன்றியிருத்தல் வேண்டும். அன்பே வா (1966), சிவந்த மண் (1969), உலகம் சுற்றும் வாலிபன் (1973) ஆகிய படங்களின் பல்லியம் அக்கூற்றை ஏற்க இடந்தரவில்லை. மேனாட்டு முறையில் அமைந்த இசைக்குழு ஒன்றின் கதையாகிய நினைத்தாலே இனிக்கும் (1979) படத்தில் அவர் கருவிகளைக் கையாண்ட திறமும் அவ்வாறே. அவர்க்கு மரபிசை ஆழம் இல்லை என்பதும் பொருந்தாது. மனோன்மணீயம் சுந்தரனாரின் தமிழ்த்தாய் வாழ்த்திற்கு 1970ஆம் ஆண்டில் மோகன இராகத்தில் எளிமையும் மாண்பும் குன்றாத மெட்டமைத்தவர் அவரே.

இவற்றாற் போந்த முடிபு யாது? இருவர்க்கும் இரு திறனும் இருந்தன. ஒருவர்க்கு மெட்டும் மற்றவர்க்குக் கருவியுமாகப் பகுக்கும் கொள்கை இருவரின் தனிப்படைப்புகளாலுமே மறுக்கப்படுகின்றது. ஆயின் இணைப்பினால் விளைந்தது யாது என்னும் வினா எஞ்சும். அது திறன்களின் கூட்டுத்தொகை அன்று. ஒருவர் படைத்ததை மற்றவர் உடனிருந்து தேர்ந்த தேர்ச்சி என்பது என் துணிபு. 1961 முதல் 1965 வரையுள்ள படங்களிற் காணப்படும் அடக்கம் இதற்குச் சான்று. புதிய பறவையில் மனவமைதி தேடி நாயகன் பாடும் பாட்டிற் பெருந்திரளான கருவிகள் முழங்குகின்றன. எனினும் பாடகரின் ஒரு சொல்லும் மூழ்குவதில்லை. கர்ணனில் வடநாட்டு இராகங்களும் கருவிகளும் பெருகி வருகின்றன. எனினும் தமிழ்ச்சொல்லின் அசைநிலை சிதையவில்லை. மிகுதியாகச் செய்யும் ஆற்றல் இருந்தும் வேண்டிய அளவே செய்தல், உடன்நிற்பார் ஒருவர் ‘போதும்’ என்னும்பொழுது எளிதிற் கைகூடும். தனித்த பின்னர் இருவரிடமும் இவ்வளவறிதல் சிற்சில இடங்களிற் தளர்ந்திருத்தலைச் செவியுடையார் உணர்வர்.

ஒப்புமைச் சான்றுகள்

நடவாததை அறிதற்கு நேர்ச்சான்று இல்லை. ஒப்புமைச் சான்று உண்டு. பிரியாத இணைகள் எவ்வாறாயின என்பதை இந்தித் திரையிசை காட்டும். இலட்சுமிகாந்தும் பியாரேலாலும் பாரசுமணி (1963) தொடங்கி, இலட்சுமிகாந்து 1998ஆம் ஆண்டில் மறையும்வரை முப்பத்தைந்து ஆண்டுகள் பிரியாது நின்றனர். அவ்விருவருள் பியாரேலாலும் இராமமூர்த்தியைப் போன்று வயலின் கலைஞர் என்பது நோக்கத்தக்கது. அவர்கள் பெயரைக் கூறுங்கால் எவரும் ஒருவரை விடுத்து ஒருவரைக் கூறுவதில்லை. ஆயினும் நீண்ட ஒற்றுமை தளர்ச்சியைத் தடுத்துவிடவில்லை. அவர்தம் இறுதிக் காலப் படங்கள் பல, முற்காலப் படங்களோடு ஒப்பிடற்கு உரியன அல்ல. ஆகவே இணை நீடித்தலாற் பெயர் காக்கப்படும். படைப்பின் உயர்வு காக்கப்படும் என்னும் உறுதி இல்லை.

சங்கர், செய்கிசன் இணையோ வேறொன்றை உணர்த்தும். செய்கிசன் 1971ஆம் ஆண்டில் மறைந்தார். சங்கர் 1987ஆம் ஆண்டில் தாம் மறையுங்காறும் இருவர் பெயரிலேயே இசையமைத்தார். பெயர் நின்றது, முன்னைய பெருவெற்றி திரும்பவில்லை. பெயரால் மட்டும் இணை நீடித்தல் பயன்தராது என்பது இதனாற் பெறப்படும்.

பிரியாதிருந்தால்

மேற்கூறியவற்றைக் கொண்டு வினாவிற்கு விடை காண்போம். கூறத்தக்கன மூன்று, கூறத்தகாதது ஒன்று.

முதலாவது: 1965 முதல் 1975 வரை தமிழ்த் திரையிசையின் பெரும்போக்கு மிகுதியும் மாறியிருக்காது. எம்.சி. இராமச்சந்திரன், சிவாசி கணேசன் படங்களுக்கும், சிரீதர், பாலசந்தர் ஆகியோர் படங்களுக்கும் வேண்டப்பட்ட இசையை விசுவநாதன் தனித்தே வழங்கினார். கண்ணதாசனும் வாலியும் தொடர்ந்து எழுதினர். பாடகரும் பெரும்பாலும் அவர்களே. இச்சூழலில் இணை நீடித்திருப்பினும் தேவைகள் அவையே ஆகும்.

இரண்டாவது: 1976ஆம் ஆண்டில் அன்னக்கிளி வாயிலாக இளையராசா தோன்றியதும், அதனால் விளைந்த மாற்றமும் தடைப்பட்டிரா. ஊர்ப்புற இசையும் புதிய ஒலிப்பதிவு முறையும் புதிய இயக்குநர் தலைமுறையும் ஒருங்கு சேர்ந்து விளைத்த மாற்றம் அது. ‘மெல்லிசை மன்னர்கள் பிரியாதிருந்தால் இளையராசா இவ்வளவு வளர்ந்திரார்’ என்பார் கூற்று, ஒரு காலத்தின் மாற்றத்தை இருவர் உறவில் அடக்கிக் காண்பதாகும்.

மூன்றாவது: மாறியிருப்பது பெயர். தமிழ்த்தாய் வாழ்த்தின் மெட்டு இருவர் பெயரிலேயே வழங்கியிருக்கலாம். கிருமாம்பாக்கத்திலிருந்து தெற்கே சென்று தென்பெண்ணையைக் கடந்து கடலூரை அடைவோர், புதுச்சேரி மாநிலத்துப் பாவேந்தர் வாழ்த்தினின்று நீங்கிச் சுந்தரனார் வாழ்த்து ஒலிக்கும் தமிழகப் பள்ளிகளைக் காண்பர். அங்கு நாள்தோறும் இசைக்கப்படும் மெட்டோடு இராமமூர்த்தியின் பெயரும் வழங்கியிருக்கும். அவரைத் ‘துணைநின்றவர்’ என ஒதுக்கும் மதிப்பீடும் தோன்றியிராது. பிரிவினால் தமிழிசை இழந்ததைவிட இராமமூர்த்தி இழந்ததே பெரிது.

கூறத்தகாதது, பிரியாதிருந்தாற் படைத்திருக்கும் இசையின் உயர்வு தாழ்வு. எங்கிருந்தோ வந்தான் படத்தை இதற்குச் சான்றாகக் காட்டுவார் உளர். அது முப்பதாண்டு கழிந்து, கேட்போரும் கருவிகளும் ஒலிப்பதிவு முறையும் முற்றும் மாறிய பின்னர் எழுந்த படைப்பு. இணைப்பு இடையறாது நீடித்திருந்தால் விளைந்திருப்பதற்கு இடையற்றுச் சேர்ந்தது சான்றாகாது. அதனைக் கொண்டு புகழ்தலும் இகழ்தலும் ஒருங்கே தவறாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘பிரியாதிருந்தால்?’ என்னும் வினா கற்பனைக்கு மட்டும் உரியதன்று என்பதும், நம் மதிப்பீடுகளின் அடியில் மறைந்துநிற்கும் எண்ணங்களை வெளிப்படுத்தும் கருவியாக அதனைக் கொள்ளலாம் என்பதும் போதரும். திரையிசைப் பாடல்களை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் முதுகலை மாணவர் தொகை பெருகிவருகின்றது. அன்னோர் கடைப்பிடிக்கத்தக்கன இரண்டு. 1952 முதல் 1965 வரை இணையால் வெளிவந்த படங்களின் இசையைக் குறிக்குங்கால் இருவர் பெயரையும் தவறாது எழுதுதல் ஒன்று. அவ்விசையை மெட்டு எனவும் கருவி எனவும் பகுத்து இருவர்க்கும் பங்கிட முயலாமல், இருவரின் தனிப்படைப்புகளைத் தனித்தனியே கேட்டு ஆராய்தல் மற்றொன்று. விசுவநாதனின் தனிப்படைப்புகள் பலராலும் பேசப்பட்டுவிட்டன. இராமமூர்த்தியின் தனிப்படங்களோ எண்ணிக்கையாற் சிலவே. ஓர் ஆய்வேட்டிற்கு அளவாலும் பொருந்துவன. அவற்றை முறையாக ஆராயும் ஏடு ஒன்று எழுதப்பெறின், அவர்பாற் தமிழுலகம் பட்ட கடன் ஓரளவேனும் தீரும்.